தடையிலிருந்து உரிமைக்கு: அடிப்படை உரிமைகளை வகுப்பில் நடத்தும் முறை

பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் ஆசிரியர்கள் பெரும்பாலோருக்கு இது சிரமமில்லாத பாடம். சமத்துவ உரிமை, சுதந்திர உரிமை, சுரண்டலுக்கு எதிரான உரிமை, சமய உரிமை, கல்வி கலாச்சார உரிமை, அரசியலமைப்பு மூலம் தீர்வு காணும் உரிமை என்று ஆறையும் பிள்ளைகள் வரிசை மாறாமல் ஒப்பிப்பார்கள். சட்டப்பிரிவு எண்களும் சரியாக இருக்கும். ஐந்து மதிப்பெண் உறுதி. அதே மாணவரிடம், "ஊர்ப் பொதுக்கிணற்றில் ஒரு தெருக்காரர்களை மட்டும் தண்ணீர் எடுக்க விடவில்லை. எந்தச் சட்டப்பிரிவைக் காட்டி மனு எழுதுவாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மௌனம்தான் பதிலாக வரும். சிலர் ஆறு உரிமைகளையும் மறுபடி ஒப்பிப்பார்கள்.

குறை பிள்ளைகளிடம் இல்லை. ஒவ்வொரு உரிமையும் ஒரு சண்டையின் முடிவில் எழுதப்பட்ட தீர்ப்பு. சண்டையைச் சொல்லாமல் தீர்ப்பை மட்டும் சொல்லிக்கொடுத்தால் அது மனத்தில் ஒட்டாது. யாரோ ஒருவர் ஒரு தெருவில் நடக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டார். யாரோ ஒருவரின் பத்திரிகை பறிமுதல் செய்யப்பட்டது. யாரோ ஒருவர் விசாரணை இல்லாமல் சிறையில் கிடந்தார். அந்தத் தடையில் தொடங்கி, அந்த ஆளைக் காட்டி, அதன் பிறகு சட்டப்பிரிவுக்கு வருவதே இந்த அத்தியாயம் சொல்லும் முறை. ஆறு பாடவேளைகள் போதும். புதிய பாடத்திட்டம் எதுவும் வேண்டாம். பாடநூல் கையிலேயே இருக்கட்டும், அதைத் திறக்கும் இடத்தை மட்டும் மாற்றுங்கள்.

முதல் பாடவேளை: ஒரு கிணறு, ஒரு கடை

சட்டப்பிரிவு 14இல் தொடங்காதீர்கள். "சட்டத்தின் முன் அனைவரும் சமம்" என்ற வாக்கியம் பதினைந்து வயதுக்கு மிக வழவழப்பானது. பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் தொடங்குங்கள்.

அதில் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. கடைகள், பொது உணவகங்கள், தங்கும் விடுதிகள், பொதுக் கேளிக்கை இடங்கள் என்பது முதல் பட்டியல். கிணறுகள், குளங்கள், குளிக்கும் துறைகள், சாலைகள், மக்கள் கூடும் பொது இடங்கள் என்பது இரண்டாவது. இரண்டாம் பட்டியலில் உள்ளவை அரசுப் பணத்தில் முழுமையாகவோ ஓரளவோ பராமரிக்கப்படுபவையாகவோ, பொதுமக்களுக்கென விடப்பட்டவையாகவோ இருக்க வேண்டும். மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் என்பவற்றை மட்டும் காரணம் காட்டி எந்தக் குடிமகனையும் இந்த இடங்களில் தடுக்கக் கூடாது.

இரண்டு பட்டியலையும் கரும்பலகையில் எழுதுங்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று சொல்ல வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஒரு நாட்டின் தலையாய சட்டத்தில் குளிக்கும் துறையைப் பற்றி எதற்காக எழுத வேண்டும்?" கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ஆசிரியருக்கு மிகக் கடினமான வேலை இந்தக் காத்திருப்புதான். முதல் கை தூக்குபவரின் பதிலோடு முடித்துவிடாதீர்கள். "தண்ணீர் சுத்தமா இருக்கணும்னு" என்பார் ஒருவர். "டேம் கட்டுறதுக்கு" என்பார் இன்னொருவர். மூன்றாவதோ நான்காவதோ ஒரு குரல் மெதுவாகச் சொல்லும்: "குளிக்க விடல, அதான் எழுதியிருக்காங்க."

அந்தப் பதில் வந்த பிறகு வரலாற்றுக்குப் போங்கள். 1924இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் வைக்கத்தில் கோவிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் தொடங்கியது. ஈரோட்டிலிருந்து பெரியார் அங்கே போய்ச் சிறைப்பட்டார். அதே 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் பொதுச்சாலைகளும் கிணறுகளும் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். 1927 மார்ச் 20 அன்று மகாராஷ்டிரத்தின் மகாத் நகரில் சவுதார் குளத்துக்கு அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய்த் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அந்தக் குளம் நகராட்சியுடையது. எல்லாரும் பயன்படுத்தலாம் என்று நகராட்சி ஏற்கெனவே தீர்மானமும் போட்டிருந்தது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது, குளத்தங்கரையில் தடை இருந்தது.

இப்போது பிள்ளைகளிடம் மறுபடி கரும்பலகையைப் பார்க்கச் சொல்லுங்கள். சாலை என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வைக்கம் என்று எழுதுவார்கள், குளத்துக்குப் பக்கத்தில் மகாத் என்று எழுதுவார்கள். பட்டியலில் எந்தச் சொல்லும் சும்மா வந்து உட்காரவில்லை என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். அதன் பிறகுதான் இது 15(2) என்று சொல்லுங்கள். அந்த எண்ணை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

நேரம் இருந்தால் 'கடை' என்ற சொல்லில் கொஞ்சம் நில்லுங்கள். 1948 நவம்பர் இறுதியில் அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது கடை என்றால் எதுவரை என்ற கேள்வி எழுந்தது. பொருள் விற்கும் இடத்துக்குள் நுழைவதை மட்டும் அது குறிக்காது, பணம் வாங்கிக்கொண்டு சேவை செய்கிற இடம் எல்லாமே கடைதான் என்று அம்பேத்கர் விளக்கம் கொடுத்தார். முடிதிருத்தும் கடை, சலவைக் கடை எல்லாம் உள்ளே வந்துவிட்டன. அதே நாட்களில்தான் தீண்டாமையை ஒழிக்கும் பிரிவும், இன்றைய 17, சபையில் நிறைவேறியது. நிறைவேறியவுடன் உறுப்பினர்கள் முழக்கமிட்டார்கள் என்று சபை நடவடிக்கைக் குறிப்பிலேயே பதிவாகியிருக்கிறது.

இந்த வகுப்பில் ஒரு எச்சரிக்கை மிக அவசியம். "உங்க ஊர்ல இப்படி நடக்குதா? யாருக்கெல்லாம் நடந்திருக்கு, கையைத் தூக்குங்க" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். எந்தப் பிள்ளையையும் அதன் சாதிக்குச் சாட்சியாக நிறுத்த நமக்கு உரிமை கிடையாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவரும் அவர் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் அதே பள்ளியில் படித்தவர்கள். அதன் பிறகு அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கைக்கயிற்று நிறங்கள் வரை அதில் பேசப்பட்டிருக்கிறது. நம் வகுப்பறை அந்தத் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. ஒரு பிள்ளை தானாகவே சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள், மேலும் துருவாதீர்கள், வகுப்பு முடிந்த பிறகு தனியாகப் பேசுங்கள். "அதெல்லாம் அந்தக் காலம் சார், இப்ப யாரு பாக்குறாங்க" என்று யாராவது சொன்னால் அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். 1955இல் தீண்டாமையைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. ஒரு சட்டம் இருக்கும்போது இன்னொன்று எதற்கு வந்தது என்று யோசித்துவரச் சொல்லி அனுப்புங்கள்.

இரண்டாம் பாடவேளை: எங்கிருந்து வந்தது என்ற கேள்வி

பாடநூல்களிலும் வழிகாட்டிகளிலும் ஓர் அட்டவணை இருக்கும். அடிப்படை உரிமைகள் அமெரிக்காவிடமிருந்து, வழிகாட்டு நெறிமுறைகள் அயர்லாந்திடமிருந்து என்று போகும். போட்டித் தேர்வுக்கு அது உதவும். ஆனால் அதை மட்டும் படிக்கும் பிள்ளை, நம் தலைவர்கள் ஒரு அறையில் உட்கார்ந்து நாலைந்து நாட்டுச் சட்டப் புத்தகங்களைப் பார்த்து எழுதினார்கள் என்று நினைத்துக்கொள்ளும். அந்த எண்ணத்தை இந்த வகுப்பிலேயே களைந்துவிட வேண்டும்.

உரிமை வேண்டும் என்ற கோரிக்கை சிறைக்குள்ளிருந்து வந்தது. 1908இல் வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு அரசத் துரோகக் குற்றத்துக்காக இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. ஆனாலும் செக்கிழுத்தார். அவர் செய்த குற்றம் மேடையில் பேசியது. அந்த வருடமே பாரதி கைதுக்குத் தப்பிப் புதுச்சேரிக்குப் போனார். 1919இல் ரௌலட் சட்டம் வந்து விசாரணையில்லாமல் காவலில் வைக்க வழிசெய்தது. ஆகவே 1928இல் மோதிலால் நேரு அறிக்கையிலும், 1931இல் கராச்சி காங்கிரஸ் தீர்மானத்திலும் உரிமைகளின் பட்டியல் வந்ததில் ஆச்சரியம் இல்லை. பட்டியலை எழுதியவர்களில் பலர் சிறை போய்வந்தவர்கள்.

வ.உ.சி.யின் கதை 1948 டிசம்பரில் ஒரு முடிவுக்கு வருகிறது. இது மாணவர்களை உலுக்கும் இடம். பேச்சுரிமைக்கு என்னென்ன வரம்புகள் என்று வரைவில் எழுதியிருந்த பட்டியலில் அரசத் துரோகம் என்ற சொல்லும் இருந்தது. கே.எம். முன்ஷி திருத்தம் கொண்டுவந்து அதை எடுக்கவைத்தார். இன்றைய 19(2)ஐ எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், அந்தச் சொல் கிடையாது. ஆனால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 124ஏ அப்படியே நீடித்தது. 2022இல் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைக்கச் சொல்லும்வரை வழக்குகள் பதிவாகிக்கொண்டிருந்தன. 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் நாட்டின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஆபத்து என்ற வேறு சொற்களோடு ஒரு பிரிவு இருக்கிறது. அரசியலமைப்பிலிருந்து வெளியேறிய சொல் தண்டனைச் சட்டத்தில் எப்படித் தங்கியது என்பதைக் கேள்வியாகவே விட்டுவிடுங்கள். நல்ல மாணவர்கள் நாலு நாள் கழித்தும் அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வருவார்கள்.

வெளிநாட்டுச் செல்வாக்கை மறைக்கவும் வேண்டாம். அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா போய் உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்ஃபர்ட்டரைச் சந்தித்தார். நீதிபதிகள் சட்டத்தின் நியாயத்தையே அளக்க வழிவிட்டால், மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் கை கட்டப்பட்டுவிடும் என்ற எச்சரிக்கை அங்கே கிடைத்தது. அதனால் உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்குமான 21ஆம் பிரிவில், ஜப்பானின் புதிய அரசியலமைப்பைப் பின்பற்றி, 'சட்டம் நிறுவிய நடைமுறை' இருந்தால் போதும் என்று எழுதினார்கள். இந்தச் சிறிய முடிவு ஒரு மனிதரைச் சிறையிலேயே வைத்திருந்தது. அவரைப் பிள்ளைகள் அடுத்த வகுப்பில் பார்ப்பார்கள்.

மூன்றாம், நான்காம் பாடவேளைகள்: எதிர்வாதி, சென்னை மாகாணம்

என்னைக் கேட்டால் தமிழ்நாட்டு ஆசிரியருக்குக் கிடைத்த பெரிய கொடை இது. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த பதினைந்து மாதங்களுக்குள் உச்ச நீதிமன்றம் தீர்த்த மூன்று மாபெரும் உரிமை வழக்குகளில் எதிர்த்தரப்பு நம் சென்னை மாகாண அரசுதான். வழக்கின் பெயரிலேயே சென்னை இருக்கிறது. இதைவிட அருகில் வேறென்ன வேண்டும்?

வகுப்பை மூன்று குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பக்க அளவில் ஒரு வழக்குத் தாள் கொடுங்கள். தாளில் தடுக்கப்பட்டவர் யார், எதைத் தடுத்தார்கள், அரசு சொன்ன காரணம் என்ன என்பவை மட்டும் இருக்கட்டும். தீர்ப்பை மறைத்துவிடுங்கள். குழு தன் தீர்ப்பை எழுதிய பிறகு உண்மைத் தீர்ப்பைக் கொடுங்கள்.

முதல் தாள் ஏ.கே. கோபாலனுடையது. மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. அந்த மண்ணின் கம்யூனிஸ்ட் தலைவர் அவர். 1947 டிசம்பரிலிருந்து காவலில் இருந்தார். 1950இல் வந்த தடுப்புக்காவல் சட்டத்தின்கீழ் அவரை மறுபடி அடைத்தார்கள். நேரே உச்ச நீதிமன்றத்துக்கு மனுப் போட்டார். சட்டம் இருந்தால் போதுமா, அந்தச் சட்டம் நியாயமானதாகவும் இருக்க வேண்டுமா என்பதே கேள்வி. 1950 மே 19 அன்று பெரும்பான்மை நீதிபதிகள் சட்டம் இருந்தால் போதும் என்றார்கள். காவலில் வைத்த காரணத்தை வெளியே சொல்லக் கூடாது என்ற ஒரு பிரிவை மட்டும் ரத்து செய்தார்கள். நீதிபதி ஃபஸல் அலி மாறுபட்டார். கோபாலன் வெளியே வரவில்லை. ஆனால் 1952 தேர்தலில் மக்களவைக்குப் போய், எதிர்க்கட்சி வரிசையில் நின்று பேசினார்.

இதைச் சொல்லிவிட்டு 1978க்குத் தாவுங்கள். மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை அரசு முடக்கியது, காரணம் சொல்ல மறுத்தது. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் நடைமுறை நியாயமாகவும் நேர்மையாகவும் இருக்க வேண்டும் என்றது. கோபாலன் கேட்டது இருபத்தெட்டு வருடம் கழித்துக் கிடைத்தது. தோற்ற வாதமும் பிற்காலத்தில் ஜெயிக்கலாம் என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே சொல்வார்கள்.

இரண்டாவது தாள் ரொமேஷ் தாப்பருடையது. அவருடைய 'கிராஸ்ரோட்ஸ்' பம்பாயிலிருந்து வந்த இடதுசாரி வார இதழ். 1950 மார்ச் 1 அன்று சென்னை அரசு அது மாகாணத்துக்குள் வரவும் விற்கவும் தடை போட்டது. காரணம், பொது அமைதி. மே 26 அன்று நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு அந்தத் தடையை உடைத்தது. அன்றைய 19(2)இல் பொது அமைதி என்ற வரம்பே இல்லை என்றது தீர்ப்பு. அதே நாளில் டெல்லியில் வெளிவந்த 'ஆர்கனைசர்' என்ற இதழுக்குப் போட்ட முன்தணிக்கையையும் நீதிமன்றம் ரத்து செய்தது. முன்னது இடதுசாரி, பின்னது ஆர்.எஸ்.எஸ். சார்பு. இரண்டுக்கும் ஒரே உரிமை. தங்களுக்குப் பிடிக்காத கட்சிக்காரரின் பேச்சுரிமையைப் பற்றி வகுப்பில் கேள்வி வரும்போதெல்லாம் இந்த மே 26ஐ நினைவூட்டுங்கள்.

மூன்றாவது தாள் செண்பகம் துரைராஜன் வழக்கு. இது எரியும் தாள். எரியும் என்பதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். நீதிக்கட்சிக் காலத்தில் தொடங்கிய வகுப்புவாரி அரசாணைப்படி மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடத்துக்கும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறித்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பிரித்திருந்தார்கள். பிராமணப் பெண்ணான செண்பகம் துரைராஜன் அது தன் உரிமையைப் பறிக்கிறது என்று வழக்குப் போட்டார். 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அரசாணை செல்லாது என்றது. பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் போராட்டத்தில் இறங்கினார்கள். ஜூன் மாதமே முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. பின்தங்கிய வகுப்பினருக்கும் பட்டியலினத்தவருக்கும் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) பிறந்தது. அதே திருத்தம்தான் பேச்சுரிமைக்குப் பொது அமைதி என்ற வரம்பையும் சேர்த்தது. வரம்புகள் நியாயமானவையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் 19(2)இல் சேர்த்தது.

இந்தத் தாளில் ஒரு ஏற்பாடு செய்யுங்கள். அரசாணையை ஆதரித்துப் பேசிய மாணவர், அடுத்த பத்து நிமிடம் எதிர்த்துப் பேச வேண்டும், எதிர்த்தவர் ஆதரித்துப் பேச வேண்டும். தன் வீட்டில் கேட்டதைத் திருப்பிச் சொல்ல முடியாமல் போகும்போதுதான் பிள்ளை அரசாணைக்குள் இருக்கும் எண்களைப் பார்க்கிறது. ஆசிரியரின் கருத்தை யாராவது கேட்டால் ஒளிக்க வேண்டாம், ஆனால் வகுப்பு முடிந்த பிறகு சொல்லுங்கள். எனக்கு 15(4) அரசியலமைப்பின் நீதியுணர்வுக்கு மிகச் சிறந்த சான்று. அதையும் மாணவர்கள் வாதாடி முடித்த பிறகே சொல்வேன்.

ஐந்தாம் பாடவேளை: வகுப்பே நீதிமன்றம்

மாதிரி நீதிமன்றத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளின் வழக்கையே எடுங்கள். 1985 ஜூலையில் கேரளத்தில் ஒரு பள்ளியில் அண்ணன் தங்கைகள் மூன்று பேர் வெளியேற்றப்பட்டார்கள். பத்து, ஒன்பது, ஐந்தாம் வகுப்புப் படித்தவர்கள். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. தங்கள் சமயம் அனுமதிக்காது என்றார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள அரசு என்பது வழக்கின் பெயர்.

வகுப்பில் நால்வர் மனுதாரர் தரப்பு, நால்வர் அரசுத் தரப்பு, மூவர் நீதிபதிகள். மற்றவர்கள் பார்வையாளராகச் சும்மா உட்காரக் கூடாது, ஒவ்வொருவரும் இரு தரப்புக்கும் ஒரு கேள்வி எழுதிக் கொடுக்க வேண்டும். நீதிபதிகள் அந்தக் கேள்விகளிலிருந்து எடுத்துக் கேட்பார்கள். வாதத்துக்கு முதல் நாளே 19(1)(அ), 25, 51அ ஆகியவற்றின் வாசகத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். அடிப்படைக் கடமைகளில் தேசிய கீதத்துக்கு மரியாதை செலுத்துவது இருக்கிறது. அரசுத் தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும், பிடிக்கட்டும். மரியாதை என்பது பாடுவதா, எழுந்து நிற்பதா என்ற இடத்தில் வாதம் சூடாகும். நீதிபதிகளாக இருக்கும் மூவரும் தீர்ப்பை வாயால் சொல்லக் கூடாது. காரணத்தோடு ஒரு பக்கம் எழுத வேண்டும். மூவரில் ஒருவர் மாறுபட்டால் அவரும் எழுத வேண்டும். கோபாலன் வழக்கில் ஃபஸல் அலி எழுதியது போல.

அதன் பிறகு உண்மைத் தீர்ப்பைச் சொல்லுங்கள். 1986 ஆகஸ்ட் 11 அன்று நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதினார். பாட வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் இல்லை. எழுந்து நின்றதே மரியாதை. அந்தப் பிள்ளைகளைப் பள்ளியில் திரும்பச் சேர்க்க வேண்டும். நம் மரபு, தத்துவம், அரசியலமைப்பு மூன்றும் சகிப்புத்தன்மையைச் சொல்கின்றன, அதை நாம் நீர்த்துப்போக விடக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். மாணவர் நீதிபதிகள் வேறு தீர்ப்பு எழுதியிருந்தால் அவர்களை மட்டம் தட்ட வேண்டாம். உயர் நீதிமன்றமும் அப்படித்தான் எழுதியது.

வகுப்பில் எழும் கேள்விகள்

இந்த முறையில் நடத்தினால் கேள்விகள் வராமல் போகாது. "எங்க போனை எச்.எம். வாங்கி வெச்சுக்கிட்டாரு, இது உரிமை மீறலா மிஸ்?" என்பது எல்லா வகுப்பிலும் வரும். சிரித்துத் தள்ளாதீர்கள். அடிப்படை உரிமைகள் பெரும்பாலும் அரசுக்கு எதிராகக் கிடைப்பவை என்று சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. 12ஆம் பிரிவின்படி அரசுப் பள்ளி அரசுதான். தனியார் பள்ளிக்கு அது அப்படியே பொருந்தாது. ஆனால் 15(2), 17, கட்டாய உழைப்பைத் தடுக்கும் 23, குழந்தை உழைப்பைத் தடுக்கும் 24 ஆகியவை தனிமனிதரையும் கட்டுப்படுத்தும். டீக்கடைக்காரர் தனி டம்ளர் வைத்தால் அவர் அரசு இல்லை என்று தப்ப முடியாது. போனைப் பொறுத்தவரை, எல்லா விதியும் உரிமை மீறல் ஆகிவிடாது. விதி நியாயமானதா, எல்லாருக்கும் ஒன்றுபோல இருக்கிறதா, பொருள் திரும்பக் கிடைக்கிறதா என்று கேட்கக் கற்றுக்கொடுங்கள்.

"கலவரம் வரும்னா தடை போட வேண்டியதுதானே?" என்பது அடுத்தது. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்தைச் சொல்லுங்கள். இடஒதுக்கீட்டை விமர்சித்த படம். சென்னை உயர் நீதிமன்றம் அதன் தணிக்கைச் சான்றிதழை ரத்து செய்தது. 1989இல் உச்ச நீதிமன்றம் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தது. போராட்டம் நடக்கும், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்காகப் பேச்சுரிமையை அடக்கக் கூடாது, அமைதியைக் காப்பது அரசின் வேலை என்றது. இடஒதுக்கீட்டை முழுமனத்தோடு ஆதரிக்கும் நானும் இந்தத் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன்.

உரிமைகளைப் பறிக்க முடியுமா என்றும் கேட்பார்கள். முடியும் என்று நேர்மையாகச் சொல்லுங்கள். நெருக்கடி நிலையின்போது 1976 ஏப்ரலில், காவலில் உள்ளவர் ஆட்கொணர்வு மனுகூடப் போட முடியாது என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. ஐவரில் நீதிபதி எச்.ஆர். கன்னா மட்டும் மறுத்தார். 1978இல் வந்த 44ஆம் திருத்தம் 20, 21ஆம் பிரிவுகளை நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க முடியாதபடி செய்தது. சொத்துரிமையை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து எடுத்து, ஏழு உரிமைகளை ஆறாக்கியதும் அதே திருத்தம்தான்.

கல்வியுரிமையான 21ஏ-ஐப் படிக்கும்போது வயதைக் கவனிக்கச் சொல்லுங்கள். 6 முதல் 14 வரை. 2002இல் திருத்தம் வந்து, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு பத்தாம் வகுப்பு மாணவி இதைப் படித்துவிட்டு, "அப்ப எனக்கு இது இல்லையா மிஸ்? எனக்குப் பதினஞ்சாயிடுச்சே" என்றாள். வகுப்பு அமைதியானது. 24ஆம் பிரிவும் தொழிற்சாலையையும் சுரங்கத்தையும் 14 வயதுக்குக் கீழேதான் தடுக்கிறது. பதினான்குக்கும் பதினெட்டுக்கும் இடையில் என்ன என்று கேட்டு, 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் ஆபத்தான வேலைகளில் வளரிளம் பருவத்தினரையும் தடுக்கிறது என்று சொல்லுங்கள். சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளைப் பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பையும் இங்கே சேர்க்கலாம். சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்றது அது. விருதுநகர்ப் பக்கத்துப் பள்ளி என்றால் பிள்ளைகளே அதிகம் பேசுவார்கள், நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

தேர்வும் கடைசிப் பாடவேளையும்

புத்தகத்தின் பின்பக்க வினாக்களை ஒதுக்க முடியாது, ஒதுக்கவும் கூடாது. ஆறாம் பாடவேளையின் பாதியை அதற்கு வையுங்கள். அம்பேத்கர் 32ஆம் பிரிவை அரசியலமைப்பின் இதயமும் ஆன்மாவும் என்று சொன்னார் என்ற ஒரு மதிப்பெண் கேள்வி எப்போதும் வரும். கோபாலன் அந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டுதான் சிறையிலிருந்து நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார் என்று ஒரு வரி சொன்னால் போதும். ஐந்து நீதிப்பேராணைகளில் ஆட்கொணர்வை ஆழமாக நடத்துங்கள். மற்ற நான்கும் பெயரும் பயனும் தெரிந்தால் போதும்.

பள்ளி அளவிலான தேர்வில் ஒரு சூழ்நிலைக் கேள்வி கட்டாயம் வையுங்கள். உதாரணமாக: ஊராட்சிப் பணத்தில் கட்டிய சமுதாயக் கூடத்தைக் கல்யாணத்துக்குக் கேட்ட ஒரு குடும்பத்துக்கு "தேதி இல்லை" என்கிறார்கள். அதே தேதியில் கூடம் பூட்டியிருந்தது. அந்தக் குடும்பம் என்ன செய்யலாம்? சட்டப்பிரிவு எண்ணைச் சரியாக எழுதினால் ஒரு மதிப்பெண். அந்தப் பிரிவின் வாசகத்தில் எந்தச் சொல் இங்கே பொருந்துகிறது என்று காட்டினால் இரண்டு. ஊராட்சித் தரப்பு என்ன சொல்லும், அதற்கு என்ன ஆதாரம் தேடுவது என்று எழுதினால் இரண்டு. எதிர்த்தரப்பின் வாதத்தை நியாயமாக எழுதிய மாணவருக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். எண்ணை மறந்து, மற்றதைச் சரியாக எழுதியவருக்கு நான்கு கொடுங்கள்.

ஆறாம் பாடவேளையின் மறுபாதிக்கு ஒரு வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தாலுகா அளவிலும் வட்டக் குழுக்கள் உண்டு. தலைமையாசிரியரின் கடிதத்தோடு போய்க் கேட்டால் சட்ட விழிப்புணர்வுக்கு ஆள் அனுப்புவார்கள். சட்ட உதவிக்கான இலவச எண் 15100, குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இரண்டையும் கரும்பலகையின் மூலையில் எழுதி அழிக்காமல் வையுங்கள். வருகிற வழக்கறிஞரைப் பொதுவாகப் பேசவிட்டால் நேரம் போய்விடும். மாணவர்களின் கேள்விகளைப் பெயர் இல்லாமல் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி, மூன்று நாள் முன்பே அவருக்கு அனுப்பிவிடுங்கள். உங்கள் ஊர் நீதிமன்றத்தில் தீர்ந்த ஒரு வழக்கை, சம்பந்தப்பட்டவர் பெயரைச் சொல்லாமல், உடன் எடுத்துவரச் சொல்லுங்கள். அன்று வகுப்பில் நீங்கள் கடைசி பெஞ்சில் உட்காருங்கள்.